காந்தியடிகள் கண்ட நீதி

1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தார். கதர் நிதி திரட்டுவதே அப்பயணத்தின் நோக்கம். கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் முதலிய நகரங்களைப் போலவே மலைநாட்டையும் அவர் கண்டார். ஹட்டனுக்கும் வந்து தோட்டத் தொழிலாளரைச் சந்தித்தார். அந்த வருகையை நம் மக்கள் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கின்றனர். ஹட்டன் பகுதியில் ஆசிரியத் தொழில் செய்துவரும் எனக்கோ, அப்பெரியாரின் வாழ்க்கையில் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு பகுதியே மிகுந்த பயனுள்ளதாகத் தோன்றுகிறது. தவறு செய்த மனிதரை, சிறப்பாகத் தவறு செய்த இளைஞரை, அவர் எவ்வாறு நடத்தினார் என்பதே அப்பகுதி. சத்தியாக்கிரகத் தலைவராக, தேசத் தந்தையாக அவரை வர்ணிக்கும் நூல்கள் பல உள. நான் இங்கே கூறப் புகுவது நீதியைத் தேடிய ஒரு மனிதரின் வரலாறு.

ஒரு சிறுவன் திருடிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். உடனே நம் மனத்தில் எழும் கேள்வி, இவனுக்கு என்ன தண்டனை கொடுப்பது என்பதே. களவு கொடுத்தவருக்கு என்ன குறை நேர்ந்தது, அக்குறையை யார் எவ்வாறு நிறைவு செய்வது, செய்தவன் மீண்டும் நம்மோடு தலைநிமிர்ந்து வாழ வழி யாது என்னும் கேள்விகள் எழுவதில்லை. எழுந்தாலும் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. இந்தப் பிந்திய கேள்விகளை முதலில் கேட்கும் முறையைத்தான் இக்காலத்து அறிஞர் சீரமைப்பு நீதி என்று வழங்குகின்றனர். அப்பெயர் புதிது. ஆனால் அதன் உயிர்நாடியைக் காந்தியடிகள் தம்முடைய 15ஆவது வயதிலேயே, தம் வீட்டிலேயே, தம் தந்தையிடமே கற்றுக்கொண்டார்.

1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், திவான் உத்தியோகம் பார்த்த கரம்சந்த் காந்தியின் கடைசிப் புதல்வர். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் புகைபிடிக்கும் ஆசையால் வேலைக்காரனுடைய சில்லறைக் காசுகளைத் திருடியவர் அவர். அது சிறு பிழை. பதினைந்தாம் வயதில் நேர்ந்ததோ பெரிது. அவருடைய தமையனார் ஒருவருக்கு ஏறத்தாழ 25 ரூபா கடன் ஏற்பட்டிருந்தது. அதைத் தீர்ப்பதற்காக, அத்தமையனார் அணிந்திருந்த தங்கக் கைவளையில் ஒரு சிறு துண்டை மோகன்தாஸ் வெட்டி எடுத்தார். கடன் தீர்ந்தது, மனம் தீரவில்லை. இனித் திருடுவதில்லை என்று உறுதி செய்துகொண்டார். உறுதி மட்டும் போதாது, உண்மையைத் தந்தையிடம் கூறிவிடவேண்டும் என்றும் துணிந்தார். நேரில் சொல்ல நா எழவில்லை. ஆகவே ஒரு தாளில் நடந்ததை எழுதினார். தமக்குத் தக்க தண்டனை அளிக்குமாறு வேண்டினார். தம் குற்றத்துக்காகத் தந்தையார் தம்மையே வருத்திக்கொள்ளலாகாது என்றும் கேட்டுக்கொண்டார்.

அப்போது தந்தையார் நோயுற்று மரப்பலகைப் படுக்கையில் கிடந்தார். மகன் நடுங்கும் கையால் நீட்டிய தாளை எழுந்திருந்து வாசித்தார். கண்ணீர் வழிந்து தாளை நனைத்தது. சிறிது நேரம் கண்களை மூடிச் சிந்தித்தார். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். கடுஞ்சொல்லும் அடியும் எதிர்பார்த்து நின்ற மகனும் அழுதான். அந்தக் கண்ணீர் தம் உள்ளத்தைக் கழுவிவிட்டதாகக் காந்தியடிகள் பிற்காலத்தில் எழுதினார். உண்மையை முழுவதும் ஒப்புக்கொள்வதும், இனிச் செய்வதில்லை என்ற உறுதியும், அதை ஏற்கும் உரிமையுடைய ஒருவரிடம் சமர்ப்பிக்கப்படும்போது, அதற்கு மேலான கழுவாய் இல்லை என்பதே அவர் அன்று பெற்ற பாடம்.

இந்நிகழ்ச்சியை நாம் வெறும் மன்னிப்பின் கதையாகக் கொண்டுவிடலாகாது. தந்தையார் தவறைப் பொருட்படுத்தாமல் விட்டவர் அல்லர். அவர் பட்ட வேதனையை மகன் கண்ணாரக் கண்டான். தன் செயல் பிறர் நெஞ்சில் எத்தகைய புண்ணை உண்டாக்கிற்று என்பதை நேருக்கு நேராகக் காண்பதைவிடக் கடுமையான அனுபவம் ஓர் இளைஞனுக்கு வேறில்லை. பிரம்படியை அவன் மறந்துவிடலாம். அந்த முகத்தை மறக்க முடியாது. தண்டனை தவிர்க்கப்பட்டது, பொறுப்பு தவிர்க்கப்படவில்லை. காந்தியடிகளின் பிற்கால நடவடிக்கைகளுக்கெல்லாம் இந்த நுட்பமே அடிப்படையாக அமைந்தது.

1888ஆம் ஆண்டில் இலண்டன் சென்று 1891இல் பாரிஸ்டராகத் திரும்பிய அவர், 1893இல் ஒரு வழக்கின் பொருட்டுத் தென்னாபிரிக்காவுக்குக் கப்பலேறினார். தாதா அப்துல்லா என்ற வணிகர் தம் உறவினரான தையப் சேத்திடமிருந்து 40,000 பவுண் பெறவேண்டும் என்பது வழக்கு. வழக்கு நீடித்தால் இரு தரப்பாரும் அழிவர் என்பதை இளம் பாரிஸ்டர் கண்டார். மத்தியஸ்தத்துக்கு இருவரையும் இணங்கச் செய்தார். தீர்ப்பு தாதா அப்துல்லாவுக்குச் சாதகமாயிற்று. ஆனால் 37,000 பவுணையும் செலவையும் ஒரே தடவையில் செலுத்தத் தையப் சேத்தால் இயலாது. செலுத்தாவிடில் அவருடைய மானமே போய்விடும். ஆகவே வென்றவரிடம் மன்றாடி, தவணை முறையில் பணம் பெறுவதற்கு அவரைச் சம்மதிக்கச் செய்தார். தோற்றவரும் மானத்தோடு வாழ வழி செய்வதே வழக்கறிஞரின் உண்மையான தொழில் என்று அவர் அன்று தெளிந்தார். பின்னர் ஏறத்தாழ 20 ஆண்டு அத்தொழிலில் இருந்தபோது, நூற்றுக்கணக்கான வழக்குகளை மன்றத்துக்கு வெளியிலேயே தீர்த்துவைத்தார்.

மலைநாட்டு வாசகருக்கு மிக நெருக்கமான நிகழ்ச்சி 1894இல் டேர்பன் நகரில் நடந்தது. பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி, கிழிந்த உடையோடு, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி அழுதுகொண்டு காந்தியடிகள் முன் வந்து நின்றார். ஒப்பந்தக் கூலியாகச் சென்றவர் அவர். அவரை அவ்வாறு அடித்தவர் அவருடைய எசமானரான வெள்ளையர். காந்தியடிகளிடம் குமாஸ்தாவாயிருந்த தமிழர் ஒருவர் மொழிபெயர்த்துக் கூற, செய்தி முழுவதும் விளங்கிற்று. முதற்காரியமாகப் பாலசுந்தரத்தை வைத்தியரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்று பெற்றார். பிறகு நேராக நீதவானிடம் அழைத்துச் சென்றார். நீதவான் சினங்கொண்டு எசமானருக்கு அழைப்பாணை பிறப்பித்தார்.

வழக்கு நடத்தினால் எசமானர் தண்டிக்கப்படுவார் என்பதில் ஐயமில்லை. ஆனால் காந்தியடிகள் நாடியது அதுவன்று. பாலசுந்தரத்துக்கு என்ன வேண்டும் என்பதை அவர் முதலில் எண்ணினார். அவருக்கு வேண்டியது அந்த மனிதரிடமிருந்து விடுதலை. அக்காலச் சட்டப்படி சாதாரண வேலைக்காரன் வேலையை விட்டுச் சென்றால் அது சிவில் வழக்கு. ஒப்பந்தக் கூலி சென்றாலோ அது குற்றம், சிறை. எனவே காந்தியடிகள் எசமானரைச் சந்தித்து, ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றிக்கொடுத்தால் போதும், தண்டனை வாங்கித்தருவது தம் நோக்கமன்று என விளக்கினார். எசமானர் இணங்கினார். வேறு நல்ல எசமானர் ஒருவரைக் காந்தியடிகளே தேடிக் கொடுத்தார். எசமானர் குற்றவாளி என்று நீதவான் தீர்ப்பளித்து, ஒப்பந்தத்தை மாற்றித்தர அவர் இசைந்ததையும் பதிவு செய்தார். அடித்தவரின் தவறு மறைக்கப்படவில்லை; அடிபட்டவரின் தேவையும் மறக்கப்படவில்லை. பாலசுந்தரத்தின் தலைப்பாகையைத் தலையிலேயே அணிந்துகொள்ளுமாறு கூறியதையும் நாம் கவனிக்கவேண்டும். வெள்ளையர் முன் தலைப்பாகையைக் கழற்றி நிற்கப் பழக்கப்பட்ட ஒரு மனிதருக்கு, நீதிமன்றத்தின் வாயிலை மிதிக்குமுன்பே ஒரு நீதி கிடைத்துவிட்டது.

பாலசுந்தரத்தைக் கட்டியிருந்த சட்டத்துக்கும் இங்கே நம் பாட்டன்மாரைக் கட்டியிருந்த சட்டத்துக்கும் பெரிய வேற்றுமை இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொழிலாளர் சட்டங்களின்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளி இலங்கையிலும் குற்றவாளியே. பசியாலோ நோயாலோ துரையின் கொடுமையாலோ வேறு தோட்டம் நாடிச் சென்றவர், பிடிபட்டு நீதவான் முன் நிறுத்தப்பட்டுச் சிறை சென்றார். கங்காணியின் கடன் சீட்டான துண்டு அவரைத் தோட்டம் தோட்டமாகத் துரத்திற்று. சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்ற பெரியோர் போராடியதன் பயனாக, 1920களின் தொடக்கத்திலேதான் இந்தத் தண்டனைப் பிரிவுகள் ஒழிந்தன. காந்தியடிகள் ஹட்டனில் கண்ட கூட்டத்தில் அக்கொடுமையை நேரில் அறிந்த முதியோர் பலர் இருந்திருப்பர். வறுமை செய்த பிழையைக் குற்றமாக்கும் சட்டம் எப்படிப்பட்டது என்பதை மலைநாடு ஏட்டில் படித்து அறியவேண்டியதில்லை.

பாலசுந்தரம் ஏழை, பார்சி ருஸ்தம்ஜியோ செல்வர். டேர்பனில் பெருவணிகர்; காந்தியடிகளின் உற்ற தோழர். இந்தியாவிலிருந்து வரவழைத்த சரக்குகளுக்குச் சுங்கவரி கொடாமல் பல ஆண்டு ஏமாற்றி வந்தவர், அகப்பட்டுக்கொண்டதும் கண்ணீரோடு காந்தியடிகளிடம் ஓடிவந்தார். சிறை நிச்சயம் என்னும் நிலை. மறைத்துப் பேசித் தப்பும் வழியைக் காந்தியடிகள் காட்டவில்லை. பிடிபட்ட குற்றத்தை மட்டுமன்றிப் பிடிபடாத குற்றங்களையும் அதிகாரிகளிடம் ஒப்புக்கொள்ளச் சொன்னார். சிறை செல்வது வெட்கமன்று. குற்றம் செய்ததே வெட்கம் என்று உணர்த்தினார். சுங்க அதிகாரியையும் அரசாங்க வழக்கறிஞரையும் தாமே சந்தித்துப் பேசினார். ஒப்புக்கொண்ட தொகைக்கு இருமடங்கு செலுத்துவதென்ற ஏற்பாட்டோடு, வழக்கு நடவாமலே முடிந்தது. ருஸ்தம்ஜி நடந்தவற்றையெல்லாம் எழுதிக் கண்ணாடிச் சட்டமிட்டுத் தம் அலுவலகத்தில் மாட்டிவைத்தார், தம் வாரிசுகளுக்கும் சக வணிகர்களுக்கும் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று. வழக்குத்தொடரலுக்கு மாற்றுவழி என்பது பாவத்தை மூடி மறைப்பதன்று என்பதற்கு அந்தச் சுவர்ச்சட்டமே சாட்சி.

பிறர் வழக்கில் இத்தகைய பெருந்தன்மை எளிது. தம் தலையில் தடி விழுந்தபோதும் அவர் இவ்வாறே நின்றாரா என்று ஒருவர் கேட்கலாம். 1908ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் நாள் ஜோகன்னஸ்பேர்க் நகரில் அச்சோதனை வந்தது. அரசாங்கத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி பதிவு செய்துகொள்ளச் சென்ற காந்தியடிகளை, அவர் சமூகத்தை விற்றுவிட்டார் எனத் தவறாக நம்பிய பட்டாணியர் சிலர் தாக்கினர். முன்நின்று தாக்கியவர் மீர் ஆலம். அவர் முன்னர்க் காந்தியடிகளின் கட்சிக்காரர். உடன் சென்ற தமிழர் தலைவர் தம்பி நாயுடுவும் அடிபட்டார். நினைவிழந்து வீழ்ந்து, ஜோசப் டோக் பாதிரியாரின் இல்லத்தில் சேர்க்கப்பட்ட காந்தியடிகள், தாக்கியவர்களை விடுதலை செய்யுமாறு அரசாங்க வழக்கறிஞருக்குத் தந்தி அனுப்பச் செய்தார். அவர்களும் விடப்பட்டனர். ஆனால் நகரத்து ஐரோப்பியர், பொது வீதியில் நிகழ்ந்த குற்றம் தனிமனிதர் மன்னித்துவிடும் குற்றமன்று என முறையிட்டதால், மீண்டும் பிடிக்கப்பட்டு 3 மாதக் கடுங்காவல் பெற்றனர்.

அந்த ஐரோப்பியரின் வாதத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. குற்றம் அடிபட்டவரை மட்டும் பாதிப்பதன்று. ஊரின் அமைதியையும் பாதிப்பது. ஆனால் சிறைவாசம் மீர் ஆலமின் மனத்தை மாற்றியதாக வரலாறு கூறவில்லை. அவர் மனத்தை மாற்றியது வேறு. அதே ஆண்டு ஆகஸ்டில், அரசாங்கம் சொல் தவறியதைக் கண்டித்துப் பதிவுச் சீட்டுகளைக் கொளுத்திய பெருங்கூட்டத்தில் மீர் ஆலம் முன்வந்து, தாம் செய்தது தவறென்று எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். காந்தியடிகள் அவர் கையைப் பற்றிக்கொண்டு, தமக்கு அவர்மீது எக்காலத்தும் பகை இருந்ததில்லை எனத் தெரிவித்தார். எந்தச் சமூகத்தின் நலனை முன்னிட்டு அடி விழுந்ததோ, அந்தச் சமூகத்தின் கண்முன்னேயே உறவு மீண்டது.

இளைஞர்களோடு அவர் செய்த சோதனைகளுக்கு நிலைக்களமாயிருந்தது டால்ஸ்டாய் பண்ணை. ஜோகன்னஸ்பேர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், கல்லன்பாக் என்னும் நண்பர் 1910இல் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக அளித்த 1,100 ஏக்கர் நிலம் அது. இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், கிறிஸ்தவர்கள் எனப் பல சமயத்துப் பிள்ளைகளும், தமிழ், தெலுங்கு, குஜராத்தி, இந்தி பேசும் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக வாழ்ந்தனர். தம் முயற்சியால் கற்றிருந்த சிறிதளவு தமிழைக் கொண்டு காந்தியடிகளே தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். சாந்தமான பிள்ளைகளோடு முரட்டுப் பிள்ளைகளும் சேர்ந்திருந்தனர். பொய் பேசுவதும் சண்டையிடுவதுமாயிருந்த ஓர் இளைஞன் ஒருநாள் எல்லை மீறிவிட்டான். காந்தியடிகள் பொறுமையிழந்து, பக்கத்தில் கிடந்த அடிக்கோலால் அவன் கையில் ஓங்கி அடித்துவிட்டார். அடிக்கும்போதே அவர் உடல் நடுங்கிற்று. அவனோ கட்டுமஸ்தான வாலிபன், 17 வயதினன். திருப்பி அடிக்க வலுவுள்ளவன். ஆயினும் அழுது மன்னிப்புக் கேட்டான். அடியின் வலியால் அவன் அழவில்லை, தம் வேதனையைக் கண்டே அழுதான் என்று காந்தியடிகள் உணர்ந்தார். அதன்பின் அவன் அடங்கி நடந்தான். அடி பலித்தது என்று மகிழவேண்டிய ஆசிரியர், அன்று தம்முள் இருந்த விலங்கையே தாம் வெளிப்படுத்தியதாக வருந்தினார். பின்பு ஒருபோதும் பிள்ளைகள்மேல் கோலை எடுத்ததில்லை. பிரம்பு ஒழுங்கின் சின்னம் என்று இன்றும் எண்ணும் ஆசிரிய நண்பர்கள் இந்த இடத்தில் சற்றே நின்று செல்லல் வேண்டும்.

ஆனால் அதே பண்ணையில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியை நான் பாராட்ட முடியாமல் இருக்கிறேன். சிறுவரும் சிறுமியரும் ஊற்றில் குளிக்கச் செல்லும் வேளையில், இளைஞர் ஒருவர் இரண்டு சிறுமியரைக் கேலி செய்துவிட்டார். செய்தி கேட்ட காந்தியடிகள் இளைஞர்களைக் கண்டித்தார். அத்தோடு நில்லாமல், எந்தத் தீய கண்ணும் அவர்கள்மேல் விழாதிருப்பதற்கு ஓர் அடையாளம் வேண்டுமென எண்ணி, அச்சிறுமியரின் கூந்தலைத் தம் கையாலேயே கத்தரித்துவிட்டார். சிறுமியரும் மற்றப் பெண்களும் முதலில் இணங்கவில்லை. அவர் எடுத்துக் கூறிய பின்னரே இணங்கினர். தவறு செய்தவர் இளைஞர். கூந்தலை இழந்தவர்கள் சிறுமியர். சீர்ப்படுத்தும் நீதியின் சுமை பாதிக்கப்பட்டவர் தலையிலேயே விழுந்துவிட்டது. காந்தியடிகள் தம் வரலாற்றில் இதற்காக வருந்தவில்லை. எனினும் அவரிடமிருந்து நாம் கற்பவற்றுள் இதுவும் ஒரு பாடமாகட்டும். தவறிய இளைஞனுக்கு இரங்கும் அவசரத்தில், அவனால் துன்புற்ற சிறுமியின் குரல் அமுங்கிவிடுமானால், அது நீதியாகாது. பாலசுந்தரத்திடம் அவர் முதலில் கேட்ட கேள்வியை இந்தச் சிறுமியரிடமும் கேட்டிருக்கவேண்டும்.

1913இல் பீனிக்ஸ் ஆசிரமத்தில் இருவர் ஒழுக்கம் தவறிய செய்தி ஜோகன்னஸ்பேர்க்கிலிருந்த அவருக்கு எட்டியது. உடனே இரயிலேறினார். வழிநெடுகச் சிந்தித்து, காப்பாளனும் ஆசிரியனுமாகிய தமக்கும் அப்பிழையில் பங்குண்டு என்ற முடிவுக்கு வந்தார். 7 நாள் உண்ணாவிரதமும், நாலரை மாதம் ஒருவேளை உணவும் என விரதம் பூண்டார். இளைஞரின் குற்றத்தில் வளர்த்தவருக்கும் கற்பித்தவருக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம் அன்று பலருக்கு விந்தையாகத் தோன்றியிருக்கும். எல்லா ஆசிரியரும் பட்டினி கிடக்கவேண்டும் என்று நான் கூறவில்லை; அவரும் அவ்வாறு கூறவில்லை. மாணவனுக்கும் ஆசிரியனுக்கும் இடையே தூய அன்பு இல்லாத இடத்தில் அத்தகைய விரதம் பயனற்றது என்பதே அவர் கருத்து. ஆனால் ஒரு பிள்ளை வழி தவறும்போது, நாம் எங்கே கண்ணயர்ந்தோம் என்று ஒரு கணம் எண்ணுவதற்குப் பட்டினி தேவையில்லை.

1915இல் தாயகம் திரும்பிய பின்னர் அவர் வாழ்ந்த பெருவாழ்வை உலகம் அறியும். அதை இங்கே விரித்தல் வேண்டா. அவ்வாழ்வின் இறுதி நாட்களில் மட்டும் ஒன்றைக் கூறிச் செல்கிறேன். 1948ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள், டில்லியில் அவருடைய பிரார்த்தனைக் கூட்டத்தில் மதன்லால் பாவா என்னும் இளைஞர் குண்டு வெடிக்கச் செய்தார். நாட்டுப் பிரிவினையால் வீடிழந்து வந்த அகதி அவர். மறுநாள் கூட்டத்தில் காந்தியடிகள், வழிதவறிய அந்த இளைஞரை யாரும் வெறுக்கலாகாது என வேண்டினார். அவரைத் துன்புறுத்தாமல், நல்வழிக்குத் திருப்ப முயலுமாறு பொலிஸ் அதிகாரியையும் கேட்டுக்கொண்டார். பத்தே நாட்களில், ஜனவரி 30ஆம் நாள், அதே கூட்டத்தைச் சேர்ந்த நாதுராம் கோட்சேயின் குண்டுக்கு அவர் இரையானார். கொலையாளிக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது, அதை நிறைவேற்ற வேண்டாமென வேண்டியவர்களுள் அவருடைய புதல்வர்கள் மணிலாலும் ராமதாஸும் இருந்தனர். அரசு அதை ஏற்கவில்லை. நோயுற்ற ஒரு தந்தை தாளைக் கிழித்தெறிந்த அந்த நாளின் செல்வம், பேரன்மார் வரை வந்து சேர்ந்திருந்தது.

இவையெல்லாம் ஒரு மகானின் இயல்பு, சாதாரண மக்களுக்கும் சட்டத்துக்கும் பொருந்துமா என்ற ஐயம் நியாயமானதே. உலக அனுபவம் அந்த ஐயத்துக்கு ஓரளவு விடை தந்திருக்கிறது. 1974இல் கனடாவின் எல்மைரா என்ற சிற்றூரில், குடிவெறியில் 22 இடங்களில் வீடுகளுக்கும் வாகனங்களுக்கும் சேதம் விளைத்த இரு இளைஞரை, நன்னடத்தை அதிகாரி ஒருவரின் யோசனைப்படி நீதிபதி வீடுவீடாக அனுப்பினார். நட்டமடைந்தவர்களை நேரில் கண்டு, தவற்றை ஒப்புக்கொண்டு, அவர்கள் நட்டத்தை ஈடுசெய்தனர். இக்காலச் சீரமைப்பு நீதியின் வரலாற்றை அங்கிருந்தே தொடங்குவது வழக்கம். நியூசிலாந்து 1989ஆம் ஆண்டுச் சட்டத்தினால், மவோரி மக்களின் மரபைத் தழுவி, குடும்பத்தாரும் பாதிக்கப்பட்டவரும் கூடியிருந்து தீர்வு காணும் முறையை இளைஞர் நீதியின் நடுவில் வைத்தது. டால்ஸ்டாய் பண்ணை இருந்த தென்னாபிரிக்காவிலேயே, 2010இல் நடைமுறைக்கு வந்த சிறுவர் நீதிச் சட்டம், தவறிய பிள்ளைகளை வழக்கிலிருந்து விலக்கி இத்தகைய சந்திப்புகளின் வழியே திருத்துவதற்கு இடமளித்திருக்கிறது.

நம் நாட்டிலும் விதைகள் இல்லாமல் இல்லை. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டமும், 1944ஆம் ஆண்டின் நன்னடத்தைக் கட்டளைச் சட்டமும் பழையவை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைகளில், ஊதியம் பெறாத உள்ளூர்ப் பெரியோர் அமர்ந்து, வழக்கறிஞரின்றி இரு தரப்பாரையும் நேரில் பேசவைத்துச் சிறு பிணக்குகளையும் சிறு குற்றங்களையும் தீர்த்துவைக்கின்றனர். குற்றப் பொறுப்புக்குரிய வயது 2018இல் 8இலிருந்து 12ஆக உயர்த்தப்பட்டது. ஆயினும் சட்டம் திறந்துவைத்த வாயிலுக்கு முன்பே ஒரு பிள்ளையின் கதி பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. பாடசாலை அலுவலகத்திலும், தோட்டத்து லயத்து முற்றத்திலும், கடை முதலாளியின் மேசைமுன்னும் அது நடக்கிறது.

கொழும்பிலும் பிற நகரங்களிலும் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். ஒரு பொருள் காணாமற்போனால் முதற் சந்தேகம் யார்மேல் விழுகிறது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. உண்மையிலேயே தவறு செய்த பிள்ளையாயினும், பொலிசிலே பதிந்த ஒரு பெயர், அடுத்த வேலையையும் அடுத்த படிப்பையும் அடைத்துவிடுகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை செய்த அதே தவறு குறும்பு என்று பெயர் பெற்று, தந்தையின் ஒரு கடிதத்தோடு முடிந்துவிடுகிறது. தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தக் கடிதத்தை எழுத ஆளில்லை. காலை முதல் மலையில் கொழுந்து பறிக்கும் தாய்க்கு அன்றைய வேலையை விட்டுவந்து அதிபர் முன் நிற்கவும் நேரமில்லை. ஆகவே மாற்றுவழி என்பது இங்கே வெறும் கருணையன்று, சமத்துவமும் ஆகும்.

ஆசிரியர்களாகிய நாம் நீதவான்கள் அல்லேம். கொடிய குற்றங்களை நமக்குள்ளே பேசித் தீர்த்துவிடவும் கூடாது. ஒரு குழந்தையின் உடலுக்கும் மானத்துக்கும் நேர்ந்த கேட்டை ஊர்ப் பெரியோர் பஞ்சாயத்துச் செய்து மூடுவது, கூந்தலைக் கத்தரித்த கதையினும் கொடிது. அவற்றுக்குச் சட்டமே வழி. ஆனால் உடைந்த கண்ணாடியும், களவுபோன புத்தகமும், கோபத்தில் ஓங்கிய கையும் நம்முடைய எல்லைக்கு உட்பட்டவை. அவற்றில் நாம் செய்யக்கூடியது உண்டு. தவறியவன் உண்மையைத் தன் வாயால் சொல்ல இடங்கொடுக்கலாம். துன்புற்றவர் விரும்பினால் மட்டும் இருவரையும் எதிரெதிரே அமர்த்தலாம். எது சரிசெய்யப்படவேண்டும் என்பதைத் துன்புற்றவரே சொல்லட்டும். அதைத் தவறியவன் தன் கையால் செய்யட்டும். செய்து முடித்தபின் அப்பழியை அவன்மீது மீண்டும் எடுத்துப் பேசாதிருக்கலாம். இந்தக் கடைசிக் காரியமே மிகக் கடினமானது. கரம்சந்த் காந்தி தாளைக் கிழித்ததன் பொருள், இனி அதை வைத்து உன்னை அச்சுறுத்தமாட்டேன் என்பதே. நம் மேசை அறைகளில் நாம் கிழிக்காமல் பாதுகாத்து வைத்திருக்கும் தாள்கள் எத்தனை என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக.